பகலில் செத்த பாளையக்காரன்

"அந்த ஆளோட தலையில சீப்பு பட்டு எத்தினி நாளாச்சும்மா?"

மாட்டு டாக்டர் ஐசக் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டபோது என் கையில் ஒரு செம்பு மோர் இருந்தது. அதில் பாதி என் பாவாடையில் இறங்கியது. ஆண்பிள்ளைகள் யாராவது என்னிடம் நேராக ஒன்றைக் கேட்டால் எனக்கு அப்படித்தான் ஆகும். எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் பல காரணம் சொல்வார்கள். ஒன்பதாவதுக்கு ஓசூர் போக வேண்டும். ஓசூருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் வாயைத் திறந்து டிக்கெட் கேட்க வேண்டும். உண்மைக் காரணம் அதுதான்.

ஆனால் அன்று பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்வி எங்கள் மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் மேல் கிடந்த கோவிந்தப்பனைப் பற்றியது. அவனுக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டன. காலையிலிருந்து கையையும் தூக்க முடியவில்லை.

"திருவிழா தொடங்கினதிலேருந்து," என்றேன். மோர்ச் செம்பிடம்தான் சொன்னேன். டாக்டருக்கும் கேட்டுவிட்டது.

கோவிந்தப்பன் எங்கள் ஊர்க்காரன் இல்லை. சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் சித்திரையில் எங்கள் மாரசந்திரத்துக்கு வரும் கூத்துக் குழுவில் அவன்தான் சடையம்மா வேஷம். சடையம்மா எங்கள் ஊர்ச் சாமி. அவள் புருஷனை ஒரு பாளையக்காரன் கொன்றான். அவன் ரத்தம் தொட்டுத்தான் இனி தலை முடிவேன் என்று அவள் கூந்தலை அவிழ்த்துப் போட்டாள். கடைசி நாள் காலையில் அவள் தம்பி பாளையக்காரனை மணலில் சாய்ப்பான். ரத்தம் தொட்டு, கூந்தல் சீவி, முடிந்து, பூ வைத்தால் திருவிழா முடிந்தது. அதுவரை சடையம்மா வேஷக்காரன் தலையை யாரும் தொடக் கூடாது. சீப்பு கூடாது, கை கூடாது, அவன் கையே கூடாது.

மற்ற ஊர்களில் இதற்கு டோப்பா வைத்துக்கொள்வார்களாம். கோவிந்தப்பன் சொந்த முடி வளர்த்தான். இடுப்புக்குக் கீழே தொங்கும். பகலில் லுங்கி கட்டிக்கொண்டு பீடி குடித்தபடி அந்த முடியோடு அவன் கிணற்றடிக்கு வந்தால், கன்னடம் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் ஒரே பாஷையில் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குக்கூட அப்படி இல்லை. எனக்கு இருப்பது எலிவால்.

திருவிழா தொடங்கியதும் அந்தக் கூந்தலில் ஊரே மஞ்சள் தண்ணீர் ஊற்றியது, குங்குமம் தூவியது, விபூதி போட்டது. மூன்றே நாளில் அது கூந்தலாக இல்லாமல் தென்னை நார்க் கயிறு மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தலையோடு அவன் எங்கள் கொட்டகையில், கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில், வைக்கோலில் படுத்துத் தூங்கினான்.

முதலில் கால் மரத்துப்போகிறது என்றான். குழுவின் வாத்தியார் கரியப்பன் சும்மா விடுவாரா? அவர்தான் பாளையக்காரன் வேஷம். நல்ல உயரம், தொந்தி, இடி மாதிரிக் குரல். தூங்கும்போது மட்டும்தான் அவர் வாய் மூடியிருக்கும் என்று நினைத்திருந்தேன். தூங்கும்போதும் வசனம் பேசுகிறார் என்று என் அத்தை சரோஜம்மாள் சொன்னாள்.

"கால் வலிக்குதாம் மகாராணிக்கு!" என்று கரியப்பன் கொட்டகை அதிரக் கத்தினார். "டேய் கோயிந்தா, நான் செவந்தம்பட்டியில நூத்தி மூணு ஜொரத்தோட செத்தவன்டா! செத்து, ஜனம் ஒன்ஸ்மோர் கேட்டு, எந்திரிச்சு மறுபடி செத்தவன்! ஒனக்குக் கால் மரக்குதா?"

மறுநாள் காலை வழக்கப்படி சடையம்மா வீடு வீடாகப் படி தானியம் வாங்க வந்தாள். எங்கள் வாசலில் கோவிந்தப்பனுக்குக் கால் மடங்கிற்று. பச்சைப் புடவையோடு பொத்தென்று உட்கார்ந்தான். எழ முயன்றான், மறுபடி உட்கார்ந்தான். அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். "அம்மா எறங்கிட்டா! நம்ம வாசல்ல எறங்கிட்டா!" என்று குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். "யக்கா... தண்ணி வேணாக்கா... காலு வரலக்கா..." என்று அவன் மூச்சுத் திணறச் சொன்னதற்கும் ஒரு குலவை. ஏழாவது குடம் ஊற்றியவள் என் அத்தை.

அன்று கூத்தில் அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தே ஆடவிட்டார்கள். ராணிதானே, உட்காரலாம் என்று கரியப்பன் சொன்னார். அடுத்த நாள் காலை கையும் தூக்க வரவில்லை, பேச்சும் குழறியது. அன்றைக்குத்தான் ஐசக் டாக்டர் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போட எங்கள் கொட்டகைக்கு வந்தார்.

அவர் ஒல்லியான மனுஷர். காக்கி அரைக்கால் சட்டை, சைக்கிள், பின்னால் ஐஸ் பெட்டி. ஊசி போட மாடுகளை வரிசையாகக் கட்டச் சொன்னவர், ஓரத்தில் கிடந்த சடையம்மாவைப் பார்த்து நின்றுவிட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இல்லை. முழங்காலுக்குக் கீழே கையின் ஓரத்தால் தட்டினார். கால் துள்ளவில்லை. பிறகு தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். கோவிந்தப்பன், "ஐயோ!" என்று அலறினான்.

"வலி தெரியுது, ஆனா ஆட்ட முடியல. மொதல்ல காலு, அப்பறம் கை, இப்ப நாக்கு. அப்படித்தானே?" என்றார் டாக்டர். அதன் பிறகுதான் என்னிடம் அந்தச் சீப்புக் கேள்வியைக் கேட்டார். என் பதிலைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எங்கள் கன்றுக்குட்டியின் காதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே உண்ணிகள் திராட்சைக் கொத்து மாதிரி தொங்கின.

"உண்ணி," என்றார். "இந்த ஆளு ஒடம்புல எங்கயோ ஒரு உண்ணி கடிச்ச வாய விடாம இருக்குது."

கரியப்பன் சிரித்த சிரிப்பில் மாடுகள் கயிற்றை இழுத்தன. "உண்ணி கடிச்சா மாடு விழுமா? மனுசன் விழுவானா? இங்க எல்லாத்தையுந்தான் உண்ணி கடிக்குது. என்னையே கடிச்சிருக்குது. செத்தது உண்ணிதான்!"

"எல்லா உண்ணியும் பண்ணாது வாத்தியாரே. ஆயிரத்துல ஒண்ணு பண்ணும். அதோட எச்சில்ல ஒரு விஷம் இருக்குது. குடிக்கக் குடிக்க உள்ள எறக்கிக்கிட்டே இருக்கும். நாயும் ஆட்டுக்குட்டியும் இப்படிப் படுத்தத நான் பாத்திருக்கேன். மனுசருக்கும் வரும்னு படிச்சதுதான், இன்னைக்குத்தான் பாக்குறேன். விஷம் கால்லருந்து மேல ஏறும். நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னா மூச்சு நின்னுடும். உண்ணியப் புடுங்கிட்டா தானா எறங்கிடும். மருந்தே வேணாம்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமா?" என்று அத்தை கேட்டாள்.

"வண்டி கட்டி ஓசூர் போய்ச் சேர பொழுது சாஞ்சுடும். அங்கயும் இதத்தான் மொதல்ல தேடணும். நான் மாட்டு டாக்டர், மனுசனுக்கு வைத்தியம் பாக்க எனக்கு அதிகாரம் கெடையாது. ஆனா உண்ணி என் இலாகா. உண்ணியத் தொடலாம்."

பெண்களை வெளியே அனுப்பிவிட்டு உடம்பு முழுவதும் தேடினார்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, கால்விரல் இடுக்கு, காதுக்குள், தொப்புள். ஒன்றும் இல்லை. நாங்கள் மறுபடி உள்ளே வந்தபோது மிச்சம் இருந்தது அந்தத் தலை.

டாக்டர் கூந்தலை நோக்கிக் கையை நீட்டினார். அப்போதுதான் கோவிந்தப்பன் முதல் தடவையாகத் தலையை அசைத்தான். விலக்கிக்கொண்டான்.

"தொடக்... கூடாது," என்றான். நாக்கு புரளவில்லை, ஆனால் சொன்னது தெளிவாகப் புரிந்தது. "பாளையக்காரன்... சாகாம... தொடக் கூடாது. நேந்துகிட்டது."

பூசாரி எல்லப்பனுக்கு ஆள் போயிற்று. அவர் ஈர வேட்டியோடு ஓடி வந்தார். "ஆகல்ல, ஆகல்ல!" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். "நாளைக்குக் காலைல பாளையக்காரன் சாகறான். ஒரு ராத்திரிதானே டாக்டரே? பொறுத்துக்கிட்டா என்ன?"

"நான் பொறுத்துக்குவேன். அவன் மூச்சு பொறுக்குமா?" என்றார் டாக்டர்.

"அவனே வேணாங்கறான். அவன் நேர்த்தியில நான் எப்படிக் கை வெக்கறது? அவன் மனசு ஒப்பாம தொட்டு, நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, தொட்டதாலதான் ஆச்சும்பான் ஊர்ல. நெசமா இருந்தாலும் இருக்கும்."

பூசாரி கெட்டவர் இல்லை. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிற்று. கோவிந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். அவனைக் கட்டிப்போட்டு முடியைப் பிரித்தால் பிரிக்கலாம். கை கால் இரண்டும் விழுந்தவனைக் கட்டக்கூட வேண்டியதில்லை. ஆனால் அப்படிச் செய்ய ஒருவருக்கும் மனசு வரவில்லை, டாக்டருக்கும் வரவில்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமே. நான் அத்தையின் முந்தானையை இழுத்து அவள் காதில் சொன்னேன். என் அத்தை ரகசியம் பேசினால் அடுத்த ஊர் தளியில் கேட்கும். அவளிடம் ரகசியம் சொன்னாலும் அதே கதைதான்.

"ஏன்யா!" என்று கத்தினாள் அத்தை. "எங்க மங்கம்மா கேக்கறா! பாளையக்காரன் நாளைக்குத்தான் சாவணுமா? இப்பவே செத்தா என்ன?"

ஒரு மாடு மட்டும் சாணி போட்டது.

பூசாரி விரலை மடக்கி எதையோ யோசித்தார். "நாள் பாத்துச் சாகணும்னு எங்கயும் சொல்லல. பாளையக்காரன் செத்தா தலை முடியலாம். அவ்வளவுதான் கதை." பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆனா தளவாய் இன்னும் சாகலயே! தளவாய் சாகாம பாளையக்காரன் எப்படி களத்துக்கு வருவான்?"

பாளையக்காரனின் படைத்தலைவனான தளவாய் வேஷம் போடும் திம்மப்பன் தளிச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தான். அவன் வரும்வரை தாங்குமா? பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் திம்மப்பனின் கிரீடத்தைக் கொண்டு வந்து எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்குச் சூட்டினார்கள். சடையம்மாவின் தம்பி வேஷம் கங்கப்பன். அவன் அப்போதுதான் களி தின்று கை கழுவாமல் நின்றான். பூசாரி, "தளவாயே, உன் காலம் முடிஞ்சுது!" என்றதும் கங்கப்பன் இடது கையால் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து ஆட்டுக்கல்லை ஒரு போடு போட்டான். கிரீடம் உருண்டது. தளவாய் செத்தான்.

குலவை போடலாமா கூடாதா என்று பெண்களுக்குச் சந்தேகம். ஒருத்தி பாதி போட்டு நிறுத்தினாள்.

"சரி, பாளையக்காரரே, வாங்க," என்றார் பூசாரி.

கரியப்பன் நகரவில்லை. தூணில் சாய்ந்து இரண்டு கையையும் மார்பில் கட்டியிருந்தார்.

"எதுக்கு?"

"சாகறதுக்கு."

"இந்த லுங்கியோடவா? அரிதாரம் இல்லாமயா? மத்தளம் இல்லாமயா? மாட்டு மூத்திரத்துலயா?" ஒவ்வொரு கேள்விக்கும் குரல் ஒரு படி ஏறியது. "பூசாரியாரே, என் சாவப் பாக்க ஆனேக்கல்லேருந்து வண்டி கட்டிக்கிட்டு வராங்க. கிருஷ்ணகிரியிலேருந்து பஸ்ஸுல வராங்க. விடிய விடிய மத்த கூத்தெல்லாம் எதுக்குப் பாக்கறாங்க? காலையில நான் சாவறதப் பாக்கத்தான்! விழுந்து, எந்திரிச்சு, மீசய முறுக்கி, மூணு பாட்டுப் பாடி, மண்ண அள்ளி வானத்துல போட்டு அப்பறம்தான்யா நான் சாவேன். இந்த வருசம் புதுசா ஒரு பாட்டுக் கட்டி வெச்சிருக்கேன். அத எவன்கிட்டப் போய்ப் பாடறது, ஆட்டுக்கல்லுகிட்டயா?"

"ஒரு உசுரு போகுதுங்க," என்றார் டாக்டர்.

"உண்ணி கடிச்சா உசுரு போகுமா! போன மாசம் லீவு குடுன்னான், குடுக்கல. அதான் படுத்துட்டான். எனக்குத் தெரியாதா என் சிஷ்யன? நடிப்பு நான் கத்துக் குடுத்தது!"

டாக்டர் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. கோவிந்தப்பன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "தம்பி, நீ சபதம் எடுக்கறப்ப ஒரு நீள அடி பாடுவியாமே. ஒரே மூச்சுல பாடணுமாம். எனக்காகக் கொஞ்சம் பாடு."

அந்த அடி எங்கள் ஊருக்கே தெரியும். நெருப்பே, நிலமே, நீயே சாட்சி என்று தொடங்கி மலை, மரம், மாடு, மனுஷர் எல்லாரையும் சாட்சிக்கு அழைத்து, மூச்சு விடாமல், கூந்தலில் வந்து முடியும். அந்த மூச்சைக் கரியப்பன்தான் அவனுக்குப் பழக்கினார். தண்ணீர்த் தொட்டியில் முகத்தை அமுக்கிப் பிடித்துப் பழக்கியதாக அவரே பெருமையாகச் சொல்வார்.

கோவிந்தப்பன் பாடினான். "நெருப்பே... நிலமே..." அங்கேயே மூச்சு அறுந்தது. மறுபடி இழுத்தான். "நீயே..." அறுந்தது. நெஞ்சு மேலே வரவில்லை, வயிறு மட்டும் உள்ளே வெளியே போய் வந்தது.

நான் கரியப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டியிருந்த கைகள் தாமாகக் கீழே இறங்கின. எத்தனை பெரிய நடிகனாக இருந்தாலும் அப்படி ஒரு மூச்சை நடித்துக் காட்ட முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்கய்யா படுக்கறது?" என்றார்.

கொட்டகைக்கு வெளியே, எங்கள் வீட்டுக்குப் புதுச் சுவர் எழுப்பக் கொட்டியிருந்த மணல். உச்சி வெயில். கரியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் நின்றார். நாலு பேர் கோவிந்தப்பனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து, தலைப்பக்கம் உயர்த்தி வைத்தார்கள், அவன் பார்க்க வேண்டும் என்று. அத்தை மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து ஒரு கிண்ணம் ரத்தம் தயார் பண்ணிக் கொண்டு வந்தாள். கங்கப்பன் மூங்கில் குச்சியோடு வந்தான். வாத்தியாரை அடிக்காமல் குச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அடிடா! ஆட்டுக்கல்லுக்குக் காட்டின வீரத்த எனக்குக் காட்டு!"

அடித்தான். கரியப்பன் விழுந்தார். ஒரு விரல் மீசைக்குப் போயிற்று. வாய் திறந்தது. அந்தப் புதுப்பாட்டு அங்கே வந்து நின்றது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவர் கட்டிலைப் பார்த்தார். கோவிந்தப்பனின் உதடு நீலம் பூத்திருந்தது. கரியப்பன் வாயை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, சட்டென்று செத்துப்போனார். அவ்வளவு சின்ன சாவை அந்தக் குழு அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இந்தத் தடவை குலவை முழுசாக வந்தது.

"ரத்தம் தொடுங்க! சீக்கிரம்!" என்றார் பூசாரி. "ஆனா பொம்பள கைதான் சீவணும். டாக்டரு கை வெக்கக் கூடாது."

"எங்க மங்கம்மா இருக்கா!" என்றாள் அத்தை. "பேன் பாக்கறதுல இந்த ஜில்லாவுலயே அவளுக்கு மேல ஆளு கெடையாது! இருட்டுல ஈறு எடுப்பா!"

எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் அதற்குள் யாரோ என்னைக் கட்டில் தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். ஊரே பார்க்க, ஒரு ஆண்பிள்ளையின் தலை என் மடியில். காது இரண்டும் தீப்பிடித்த மாதிரி சுட்டன. ரத்தக் கிண்ணத்தில் விரலை நனைத்து உச்சியில் வைத்தேன். பிறகு கூந்தலைப் பிரித்தேன். குங்குமமும் விபூதியும் ஊறிக் காய்ந்து, பிரிய மாட்டேன் என்றது. சீப்பு உடைந்தது. விரலாலேயே பிரித்தேன். வைக்கோல் வந்தது, பூக்காம்பு வந்தது, பேன் வந்தது, ஒரு காலணாக்கூட வந்தது. "அது என்னுது," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வலது காதுக்குப் பின்னால், பிடரி தொடங்கும் பள்ளத்தில், என் விரலில் வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. பாசிப்பயறை விடப் பெரிசு, ஆமணக்குக் கொட்டமுத்தை விடச் சின்னது. அசையவில்லை.

"இருக்குது," என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாக! என் குரலா என்று அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"அமுக்காதே! நசுக்குனா விஷம் உள்ள போகும். முடிய மட்டும் வெலக்கிப் பிடி," என்றார் டாக்டர். கூட்டத்திலிருந்து ஒருவர் எரிகிற பீடியை நீட்டினார், சூடு வைத்தால் விட்டுவிடும் என்று. இன்னொருவர் மண்ணெண்ணெய் என்றார். "எதுவும் வேணாம். எரிச்சலானா இன்னும் கக்கும்." டாக்டர் ஒரு சின்ன இடுக்கியை எடுத்து, தோலோடு தோலாக, உண்ணியின் வாய்ப்பக்கத்தைப் பிடித்தார். திருகவில்லை, வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிற பொறுமையோடு மெதுவாக, நேராக இழுத்தார். தோல் கூடாரம் மாதிரி எழும்பியது. பிறகு விட்டது.

சாம்பல் நிறம். எட்டுக் கால். காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இதுவா?" என்று பூசாரி குனிந்து பார்த்தார். "இத்துனூண்டா?"

"வாய் முழுசா வந்திருக்குது," என்று டாக்டர் அதை ஒரு மருந்துச் சீசாவுக்குள் போட்டு மூடினார். கடித்த இடத்தில் டிஞ்சர் தடவினார். என்னைப் பார்த்து, "இன்னும் தேடு. ஒண்ணுதான்னு நம்பக் கூடாது," என்றார். தேடினேன். வேறு இல்லை. பிறகு அந்தக் கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்னி முடிந்தேன். அத்தை கனகாம்பரம் வைத்தாள்.

"செத்தவரே, எந்திரிக்கலாம்," என்று கங்கப்பன் சொன்னபோதுதான் கரியப்பன் இன்னும் மணலில் கிடப்பது எங்களுக்கு நினைவு வந்தது. முதுகெல்லாம் வெந்திருக்கும். எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, கட்டில் பக்கத்தில் போய் நின்றார்.

டாக்டர் மாடுகளுக்கு ஊசி போடப் போனார். மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மல்லாக்கப் படுக்கப் போடாதீர்கள், விழுங்க வராதவரை தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் நடுவில் வந்து பார்த்துவிட்டுப் போனார். கரியப்பன் கட்டிலை விட்டு நகரவில்லை. "இழுடா. விடுடா. இழுடா. விடுடா," என்று தாளம் போட்டுக்கொண்டே இருந்தார்.

தளவாய் திம்மப்பன் சந்தையிலிருந்து பூசணிக்காயோடு வந்தான். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் அவன் கிரீடம் கிடந்தது. "நான் செத்தாச்சா? எப்ப? நல்லா செத்தேனா?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டான். ஆட்டுக்கல்லு நல்லாவே செத்தது, உன்னை விடத் தேவலை என்றாள் அத்தை.

மாடுகள் வீடு திரும்புகிற நேரத்தில் கோவிந்தப்பன் "நெருப்பே, நிலமே, நீயே சாட்சி" வரை ஒரே மூச்சில் வந்தான். விளக்கு வைத்த பிறகு மலைக்கும் மரத்துக்கும் வந்தான். ஒவ்வொரு சாட்சிக்கும் கொட்டகையில் குலவை. விரல்கள் அசைந்தன. கரியப்பன் அவனுக்குத் தன் கையாலேயே கேழ்வரகுக் கூழ் ஊட்டினார். ஊட்டும்போது திட்டினார். "லீவு கேட்டியே, இந்தா லீவு. நல்லா தின்னு." ராத்திரி கூத்து இல்லை என்று அறிவித்தார்கள். எங்கள் ஊர் திருவிழாவின் நடுவில் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கியது அந்த வருஷம்தான்.

விடிந்தது. ஆனேக்கல் வண்டிகள் வந்தன. தளியிலிருந்து பூக்கூடையோடு வந்தார்கள். கிருஷ்ணகிரி பஸ் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டது. எல்லாரும் பாளையக்காரன் சாவைப் பார்க்க வந்தவர்கள். கூத்துக் களத்தில், சாவுக் காட்சிக்காக மண்ணால் செய்த பாளையக்காரன் உருவம் மல்லாந்து கிடந்தது, பாதி வர்ணம் பூசியபடி.

கரியப்பன் இருட்டிலேயே எழுந்து வேஷம் கட்டியிருந்தார். முகம் முழுக்கச் சிவப்பு, புஜத்தில் கண்ணாடிக் கட்டைகள், தலையில் பெரிய கிரீடம், காலில் சலங்கை. மத்தளக்காரனையும் எழுப்பித் தோலைச் சூடு பண்ணச் சொல்லியிருந்தார். எங்கள் கொட்டகை வாசலில் வண்டி நுகத்தின் மேல் உட்கார்ந்து, உதட்டை அசைத்து, சத்தமில்லாமல் எதையோ பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி எல்லப்பன் வந்தார்.

"வாத்தியாரே," என்றார், "அம்மா தல முடிஞ்சாச்சு. பூ வெச்சாச்சு. செத்தவன மறுபடி சாகடிச்சா, நேத்து செத்தது பொய்யின்னு ஆயிடும். நேத்து செத்தது பொய்யின்னா, நேத்து தலையத் தொட்டது..."

கோவிந்தப்பன் படுத்திருந்த பக்கம் பார்த்தார், முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு, "கூட்டத்துகிட்ட நான் சொல்லிக்கறேன். நேரா தீமிதிக்குப் போயிடலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

களத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, "ஏமாத்தறாங்கப்பா!" என்று கூச்சலாயிற்று. "சாவக் காட்டு! சாவக் காட்டு!" என்றார்கள். கரியப்பன் நுகத்தின் மேல் அப்படியே இருந்தார். ஒரு வார்த்தை திருப்பிக் கத்தினால் அந்தக் கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் வந்துவிடும். பூசாரியால் என்ன செய்திருக்க முடியும்? வாத்தியார் ஊரில் இருக்கிறவரை கூட்டம் விடவும் விடாது. நான் மோர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து கோவிந்தப்பன் வந்தான். நடந்து வந்தான். இடது கையால் தூணைப் பிடித்து, பிறகு கயிற்றுக் கட்டிலைப் பிடித்து, பிறகு கன்றுக்குட்டியின் முதுகைப் பிடித்து, பிறகு ஒன்றையும் பிடிக்காமல். முழங்கால் இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டன. பின்னல் முதுகில் இப்படியும் அப்படியும் ஆடியது. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"வாத்தியாரே! பாருங்க! வருது! காலு வருது!"

கரியப்பன் அவன் பாதங்களைப் பார்த்தார். வலது. இடது. வலது. அவன் வாசற்படியைத் தாண்டும்வரை பார்த்தார். பிறகு எழுந்தார். கிரீடத்தைக் கழற்றி நுகத்தின் மேல் வைத்தார். புஜக்கட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அதன் பக்கத்தில் அடுக்கினார். முகத்துச் சிவப்பைத் துடைக்கவில்லை, சலங்கையையும் அவிழ்க்கவில்லை. தன் தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வாத்தியாரே, எங்க போறீங்க?" என்று கோவிந்தப்பன் கேட்டான். இன்னும் சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

களத்துக் கூட்டம் சலங்கைச் சத்தம் கேட்டுத் திரும்பியது, ஆரவாரம் செய்து வழி விட்டது, பாளையக்காரன் களத்துக்கு வருகிறான் என்று நினைத்துக்கொண்டு. அவர் மண் உருவத்தைச் சுற்றிக்கொண்டு, அதை மிதிக்காமல், கூட்டத்தின் மறுபக்கம் வெளியே போனார். புறப்படத் தயாராக நின்ற கிருஷ்ணகிரி பஸ்ஸில், சிவந்த முகத்தோடு, ஒரு வார்த்தை பேசாமல் ஏறிக்கொண்டார்.